மூன்றாவது காரணம்

“அந்த இடத்துல ஒரு கமா போடு. படிக்கிறவன் மூச்சு விட வேண்டாமா?” என்றார் அப்பா. மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது அவர்தான்.

அவள் கமா போட்டாள். மடியில் மினிட்ஸ் புத்தகம், அதன் கெட்டி அட்டைமேல் ஒரு முழுநீளத் தாள். வலது கை எழுத, அவர் முதுகுக்குப் பின்னால் சரிந்துகொண்டே இருந்த தலையணையை இடது கை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறினார்கள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. இன்றோடு பத்து நாள்.

பத்து நாள் கெடு வைத்தது டாக்டர் இல்லை, சபை. அவர்களுடைய பிரஸ்பிட்டேரியன் சபையில் எதையும் மூப்பர் குழுதான் கூடிப் பேசி ஓட்டெடுத்து முடிவு செய்யும். தோற்றவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. ‘என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்’ என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். பத்து நாளுக்குள் காரணங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயலரிடம் கொடுத்துவிட்டால், அவை முடிவுக்குப் பக்கத்திலேயே மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். கொடுக்காவிட்டால் அப்படி ஒரு எதிர்ப்பே இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

அப்பா இருபத்தாறு வருஷ மூப்பர் பதவியில் பத்தொன்பது தடவை இந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறார். சபையில் அவருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் “என்னப்பா?” என்று திரும்பிப் பார்ப்பார். ஆனால் தோற்ற மறுநாள், தான் எதிர்த்த வேலைக்கே முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆலயத்துக்குப் பின்னால் கழிப்பறை கட்டக் கூடாது என்று நான்கு காரணம் எழுதிக் கொடுத்தவர்தான் அதன் தண்ணீர்த் தொட்டியை மேலே ஏற்றி நிறுத்தியதும். “ஓட்டுல தோத்தேன், சபையிலேர்ந்து போகலையே” என்பார்.

இந்தத் தடவை சிக்கல் வேறு மாதிரி. மூப்பர் குழுவின் செயலர் அவள். அவர் எதிர்த்த தீர்மானத்தைக் கொண்டுவந்தவளும் அவளே.

தீர்மானம் இதுதான். மூன்று வருஷத்துக்கு மேல் ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் வராதவர்களின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு ஆள் வந்தால்தான் சபைக் கூட்டம் செல்லும். வராதவர்கள் பெயரையும் சுமந்துகொண்டு, ஆள் போதாமல் இரண்டு கூட்டம் கலைந்து போயிருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. உட்கார்ந்து எண்ணினாள், நாற்பத்து மூன்று பெயர் வந்தது. பதினேழாவது பெயர் அவள் தம்பியுடையது. அதை மட்டும் விட்டுவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அதையும் எழுதினாள்.

அப்பாவையும் அவளையும் சேர்த்து ஏழு மூப்பர்கள். தீர்மானம் ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறியது. அந்த ஒன்று, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நிலையில் வாடகைக் காரில் வந்திறங்கி, கைத்தடியோடு நின்றுகொண்டே, “என் எதிர்ப்பப் பதிவு பண்ணணும், செயலர் அவர்களே” என்றது. வீட்டில் ‘ம்மா’ என்பவர் குழுவில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“முதல் காரணம் வாசி.”

“தீர்மானம் வருவதை இரண்டு ஞாயிறு அறிவிக்க வேண்டும் என்பது விதி, ஒரு ஞாயிறு மட்டுமே அறிவிக்கப்பட்டது.” அவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, ரெண்டு ஞாயிறும் அறிவிச்சோம். ரெண்டாவது தடவ நீங்க இருமல்னு வெளிய எழுந்து போயிட்டீங்க.”

“அது உன் பதில். நீ பதில் எழுதும்போது எழுது. இது என் காரணம்.”

“தப்புன்னு தெரிஞ்சே எழுதணுமா?”

“செயலர் வேல எழுதுறது. திருத்துறது இல்ல.”

இரண்டாவது காரணம்தான் அவளைக் குத்தியது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவரையும் யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை, கடிதம் மட்டுமே அனுப்பப்பட்டது என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது உண்மை. கடிதங்களை உறையிலிட்டு ஒட்டியவள் அவள். பழைய முகவரிதான் என்று தெரிந்தே தம்பிக்கும் ஒன்று ஒட்டினாள். அந்தப் பழைய முகவரி இந்த வீடுதான். இரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்த அந்த உறையை அவளே வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள்.

“லிஃப்ட் ஓடுதான்னு கடுதாசி போட்டுக் கேக்க முடியாதும்மா. ஏறித்தான் பாக்கணும்,” என்றார். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர்.

“இதையும் எழுதவா?”

“வேணாம். சபைக்கு எதுக்கு லிஃப்ட்டு? தாளக் குடு.”

தாளை வாங்கி, இரண்டாவது காரணத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார். ஏறிப் பார்க்காமல் ஒரு லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடாதவர், எழுதி முடிக்காத தாளில் போட்டது அவளுக்குத் திக்கென்றது.

“இன்னும் முடியலையேப்பா.”

“கை சொன்ன பேச்சு கேக்கும்போதே போட்டு வெச்சேன். இடம் இருக்குல்ல, நீ எழுதிக்க.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “மூணாவது கொஞ்சம் நீளம். மொதல்ல ரெண்டையும் சேத்து வாசி, கேப்போம்.”

அவள் வாசித்தாள். தனக்கு எதிரான காரணங்கள்தான் என்றாலும் அரைகுறையாக வாசிக்கக் கூடாது என்று குரலைச் சரிசெய்துகொண்டு, கமாவில் நிறுத்தி, ஒழுங்காக வாசித்தாள். இரண்டாவது முடிந்தபோது ‘மனுஷன் கெட்டிக்காரர்’ என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்தாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பழக்க தோஷம், கடிகாரத்தையும் பார்த்தாள். மூன்றே முக்கால். எந்த வரியில் போனார் என்று தெரியவில்லை. முதலில் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

“அத்தை,” என்று கூப்பிட்டாள்.

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த அத்தைக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அண்ணா, சொல்லாமப் போயிட்டியே,” என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. தாள் நனையாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

ஐந்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. போதகர் வந்து ஜெபம் செய்தார். மூப்பர்களில் மூத்தவரான பல் டாக்டர், அப்பாவோடு இருபது வருஷம் மல்லுக்கு நின்றவர், வாசலிலேயே செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, கட்டிலருகே நின்று, “இனிமே யார்கிட்டய்யா சண்ட போடுவேன்?” என்று பிணத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அவர் கண்ணில்தான் அந்தத் தாள் பட்டது. எடுத்துப் படித்தார். நடுவில் இருந்த வெற்றிடத்தையும் அடியில் இருந்த கையெழுத்தையும் பார்த்தார்.

“மூணாவது இருக்குன்னு சொன்னாரா?”

“நீளமா ஒண்ணு இருக்குன்னாரு. அதுக்குள்ள...”

பல் டாக்டர் அவளைத் தாழ்வாரத்துப் பக்கம் கூட்டிப் போனார். “இது என்னன்னு தெரியாதவங்க யாரும்மா இருக்கோம்? பையன்தான். அத வாய்விட்டுச் சொல்ல முடியாமத்தான் கடைசிக்குத் தள்ளி வெச்சிருக்காரு. நீங்க எழுதிடுங்க. எடத்த விட்டு, கையெழுத்தும் போட்டு, உங்க கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. கெடு இன்னிக்கு வரைக்கும் இருக்கு. அதப் படிச்சா குழுவுல ஒருத்தருக்கும் மனசு தாங்காது.”

“அவர் சொல்லலையே ஐயா.”

“சொல்லாட்டி என்ன, மகளுக்குத் தெரியாதா?”

அவர் போன பிறகு அவள் தாளோடு உள்ளறையில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவின் நடை அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருஷம் அவருடைய எதிர்ப்புகளை எழுதியிருக்கிறாள், எந்த இடத்தில் ‘மேலும்’ வரும், எந்த இடத்தில் ‘எனினும்’ வரும் என்று தெரியும். நாலே வரி போதும். ஒன்பது வருஷம் வீட்டில் பெயரையே சொல்லாத மகனை அப்பா நினைத்துக்கொண்டேதான் இருந்தார் என்று என்றைக்கும் அழியாமல் புத்தகத்தில் இருக்கும். தம்பி படிக்கலாம். அவளும் எடுத்தெடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

அவன் போன கதை பெரிய கதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கையைக் கழுவிக்கொண்டே, “எனக்கு நம்பிக்க இல்லப்பா. இல்லாம அங்க வந்து உக்காந்திருக்க முடியல,” என்றான். அப்பா, “அப்ப எழுந்திரு,” என்றார். அவர் சொன்னது ஆலயத்து இருக்கையையா, சாப்பாட்டு மேசையையா என்று யாருக்கும் தெரியாது. அவன் இரண்டிலிருந்தும் எழுந்து போய்விட்டான். அவளுக்கு மட்டும் பிறந்தநாளுக்கு போன் வரும். சௌக்கியமா என்பான், சௌக்கியம் என்பாள்.

மூன்றாவது காரணம் அவன்தானா? இருக்கலாம். ஆனால் அப்பாவை நம்ப முடியாது. பட்டியல் எழுதிய தாள் மட்டமான தாள், ஐந்து வருஷத்தில் மக்கிவிடும் என்பதுகூட அவருக்கு நீளமான மூன்றாவது காரணமாக இருந்திருக்கும். பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் காட்டாத எண்ணை அவள் ஒரு நாளும் எழுதியதில்லை, எவ்வளவு வேண்டப்பட்டவர்களின் ரத்தமாக இருந்தாலும். அவள் பேனாவைத் திறந்து, ‘மூன்றாவது காரணம் உண்டு என்றார், சொல்லி முடிக்கவில்லை’ என்று எழுதினாள். மிச்ச இடத்தில் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். பெற்றுக்கொண்ட தேதியும் நேரமும் போட்டுச் செயலர் என்று கையெழுத்திட்டாள். கோடு இழுக்கும்போதுதான் அப்பா செத்துப்போனது அவளுக்கு முழுசாக உறைத்தது.

தம்பி மறுநாள் காலையில் வந்தான். ஏசி மெக்கானிக். சீருடைச் சட்டைக்கு மேல் வேறொரு சட்டை போட்டிருந்தான், உள்ளே காலர் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்கட்டுக்கு வந்து அவளருகே சுவரில் சாய்ந்துகொண்டான். தலையில் நரை விழுந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

“எப்ப?”

“மூணே முக்கால்.”

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“‘ரெண்டையும் வாசி’ன்னாரு.”

“எத?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பட்டியல், நாற்பத்து மூன்று பேர், பதினேழாவது பெயர், அப்பாவின் எதிர்ப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தீர்மானம் கொண்டாந்தது யாரு?”

“நான்தான்.”

“சரிதானே,” என்றான். “நான்தான் வர்றதில்லையே. இல்லாதவன் பேரு எதுக்கு?” சிறிது நேரம் கழித்து, “அவரு எதிர்த்தாரா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“எதுக்கு?”

“ரெண்டு காரணம் சொன்னாரு. மூணாவது சொல்லல.”

அத்தை வந்து, “ரெண்டு பேரும் ஒரு வாய் டீயாவது குடிங்க,” என்று இரண்டு தம்ளரைத் திணித்துவிட்டுப் போனாள். குடித்தார்கள்.

அடக்கம் பதினோரு மணிக்கு முடிந்தது. ஆராதனையில் தம்பி முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பாட்டுக்கு எழுந்து நின்றான், பாடவில்லை. ஜெபத்துக்குத் தலையைக் குனிந்தான், கண்ணை மூடவில்லை. அவளும் கண்ணைத் திறந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் அவனும் பல் டாக்டரும்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் போதகர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. நாளைக்கு நான் வெளியூர் கிளம்பினா திரும்பி வர மூணு வாரம் ஆகும். மூப்பர்கள் எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அப்பா காரணங்களக் குழுவுல வாசிச்சு ஏத்திடலாமா? உங்களால முடியலைன்னா வேற யாராவது...”

“நானே வாசிக்கிறேன் ஐயா.”

ஆலயத்தின் பக்கவாட்டு அறையில் கூடினார்கள். அங்கிகள் தொங்கும் அலமாரி, மடக்கு நாற்காலிகள், அரை ஆள் உயரத்துக்கு அடுக்கிய பாட்டுப் புத்தகங்கள். ஏழாவது நாற்காலியை யாரோ பழக்கத்தில் விரித்துவிட்டார்கள். யாரும் அதை மடக்கவில்லை, யாரும் உட்காரவும் இல்லை. போதகர் ஜெபித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். அவள் முதல் காரணத்தை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். ‘மூன்றாவது காரணம் உண்டு என்றார், சொல்லி முடிக்கவில்லை’ என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பல் டாக்டர் எழுந்தார்.

“சொல்லி முடிக்காட்டி என்ன, நமக்கெல்லாம் புரியாமலா இருக்கு? நம்ம எதிர்க்கட்சி நமக்காக எவ்வளவோ தடவ தோத்திருக்காரு. இந்த ஒரு தடவ அவரு ஜெயிக்கட்டும். மறைந்த மூப்பருக்கு மரியாதையா அந்தத் தீர்மானத்த ரத்து செய்யணும்னு முன்மொழியறேன்.”

இன்னொரு மூப்பரான நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வழிமொழிந்தார். அறையே ஒரு பெருமூச்சு விட்டது. எல்லோருடைய முகமும் கனிந்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாற்பத்து மூன்று பெயரும் பட்டியலில் பத்திரமாக இருக்கும். அந்த நாற்பத்து மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார் போதகர். ஐந்து கை எழுந்தது. ஒப்புக்காக, “எதிர்க்கிறவங்க?” என்று கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடப் போனார்.

அவள் கையைத் தூக்கினாள்.

“ஏம்மா,” என்றார் பல் டாக்டர், “இது உங்கப்பா பக்கந்தானே?”

“இல்ல ஐயா. அப்பா யாரும் போய்ப் பாக்கலைன்னுதான் சொன்னாரு. நீங்க போக வேணாம்னு முடிவு பண்றீங்க.” அவள் தாளை உயர்த்திக் காட்டினாள். “பரிதாபப்பட்டு ஜெயிக்க வெச்சா அவருக்குப் பிடிக்காது. அவர் காரணத்துக்கு யாராவது பதில் சொல்லணும். இல்லைன்னா ஏத்துக்கிட்டுப் போய்ப் பாக்கணும்.”

“ஓட்டு முடிஞ்சு போச்சும்மா,” என்றார் போதகர் மெதுவாக. “அஞ்சுக்கு ஒண்ணு.”

“தெரியும் ஐயா. என் எதிர்ப்பப் பதிவு பண்ணணும்.”

யார் எழுதப் போகிறார்கள் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பிறகுதான், எழுத வேண்டியவள் அவள்தான் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. அவள் எழுதினாள். பல் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, “சாமி, இன்னொண்ணா!” என்றார். சொன்னவர் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.

வெளியே தம்பி வண்டிமேல் சாய்ந்து நின்றான். போகாமல் இருந்தான்.

“என்னாச்சு?”

“உன் பேரு பட்டியல்ல இருக்கும். தீர்மானத்த ரத்து பண்ணிட்டாங்க.”

“எல்லாருமா?”

“நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்.”

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சிரித்தான். அடக்க முடியாமல், தோள் குலுங்க, அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணும் நனைந்திருந்தது.

“நான் திரும்பி வருவேன்னு நெனைக்காதக்கா,” என்றான். “அது அப்படியேதான் இருக்கு.”

“நெனைக்கல.”

“பின்ன எதுக்கு இவ்வளவு?”

“நாப்பத்து மூணு பேரயும் பாக்கணும். குழு போகாட்டி நான் போறேன். ‘உங்க பேரு இருக்கணுமா, எடுத்துடணுமா’ன்னு கேக்கணும். அவ்வளவுதான்.”

“இப்பவே கேட்டுடேன். இங்கதான நிக்கறேன்?”

“இங்க கேட்டா செல்லாது. வீட்டுக்கு வந்துதான் கேக்கணும்.” அப்படி எந்த விதியும் கிடையாது. பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்து, வண்டி இருக்கைமேல் வைத்துப் பிரித்தாள். பதினேழாவது பெயருக்கு நேரே இருந்த முகவரியை அடித்தாள். “வீடு எங்க?”

ஒன்பது வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவன் தெருவைச் சொன்னான், கதவு எண்ணைச் சொன்னான். அவள் எழுதினாள்.

“கீழ டயர் கடை. பக்கவாட்டுல படி இருக்கு, ரெண்டாவது மாடி.”

எழுதினாள்.

“மணி வேல செய்யாது. தட்டணும். பலமாத் தட்டு, மெஷின் சத்தத்துல காதுல விழாது.”

கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. அவள் தாளைத் திருப்பி, அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.